சிவப்பு விழுந்த உடனே டிஸ்க்கில் கைவைக்காதீர்கள்

"அண்ணை, ரெண்டாவது ஹோஸ்ட்டின்ர டிஸ்க் எல்லாம் போட்டுது. டிஸ்க் குரூப்பை அழிச்சுப்போட்டுத் திரும்பப் போடட்டோ?"

2025 பெப்ரவரி 10, திங்கட்கிழமை காலை. கிளிநொச்சியில் எங்களோடு வேலை செய்யும் தம்பி ஒருவர் போனில் கேட்டது இது. நான் வவுனியாவில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். "ஒண்டிலயும் கைவைக்காதை தம்பி, நான் வாறன்" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் என்று ஏ9 பாதை முழுக்க அந்தப் பயம்தான். அவர் அவசரப்பட்டு அந்த ஒரு பொத்தானை அழுத்தியிருந்தால், அந்த அலுவலகத்தின் அங்கத்தவர் சேமிப்பும் நெற்கடன் கணக்கும் இருந்த சேர்வரின் கடைசிக் கொப்பி அன்றைக்கே போயிருக்கும்.

முதல் நாள் ஞாயிற்றுக்கிழமை நடந்தது எல்லோருக்கும் தெரியும். பாணந்துறை உப மின் நிலையத்தில் குரங்கு பட்டதால் என்று அமைச்சர் சொன்ன, முழு இலங்கையிலும் கரண்ட் போன நாள். நாங்கள் பார்த்துக்கொள்ளும் அந்த அலுவலகத்தில் அன்று யாரும் இல்லை. தானாக எழும்பவேண்டிய ஜெனரேட்டர் பற்றரி இறங்கிப்போய் எழும்பவில்லை. மூன்று சேர்வர்கள், இரண்டு யூபிஎஸ். முதலாவதும் இரண்டாவதும் பெரிய யூபிஎஸ்ஸில், மூன்றாவது சின்னதில். சின்னது முதலில் இறங்கியது, மூன்றாவது சேர்வர் விழுந்தது. அதற்குப் பிறகும் மற்ற இரண்டும் கொஞ்ச நேரம் ஓடிக்கொண்டிருந்து, பெரிய யூபிஎஸ்ஸும் இறங்க அவையும் விழுந்தன. இந்த ஒழுங்கை, யார் முதலில் விழுந்தார் யார் கடைசியில் விழுந்தார் என்பதை, நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீதிக் கதை முழுக்க அதில்தான் தொங்குகிறது.

இந்த மாதிரி அமைப்பில் தனியாக ஒரு ஸ்ரோரேஜ் பெட்டி கிடையாது. ஒவ்வொரு சேர்வரிலும் உள்ள டிஸ்க்குகளை நெற்வேர்க் வழியாக ஒன்றாகச் சேர்த்து, எல்லாம் ஒரே பெரிய இடம் போலக் காட்டுவார்கள். ஹோஸ்ட் என்று சொல்வது இந்தச் சேர்வர்களைத்தான், அவை சேர்ந்த கூட்டம் கிளஸ்ரர், ஒரு ஹோஸ்ட்டுக்குள் ஒன்றாகக் கட்டிய டிஸ்க்குகளின் தொகுதி டிஸ்க் குரூப். விஎம்வேரின் விசான் 2014 மார்ச்சில் வந்தது, எங்கள் பக்கத்தில் நான் அதிகம் பார்ப்பதும் அதுதான், அதனால் அதை வைத்தே விளக்குகிறேன். வேறு நிறுவனங்களின் இதே வகை அமைப்புகளில் பெயர்கள் மாறும், அடிப்படை பெரும்பாலும் இதுதான்.

ஒரு வேர்ச்சுவல் சேர்வரின், அதாவது ஹோஸ்ட்டுக்குள் மென்பொருளாக ஓடும் சேர்வரின், டிஸ்க் என்பது விசானுக்கு ஒரு ஒப்ஜெக்ட். ஒரு தோல்வியைத் தாங்கவேண்டும், கண்ணாடி முறையில் வை என்று நீங்கள் பொலிசி போட்டிருந்தால், அந்த ஒப்ஜெக்ட்டின் முழுக் கொப்பி ஒன்று ஒரு ஹோஸ்ட்டிலும் இன்னொன்று வேறொரு ஹோஸ்ட்டிலும் இருக்கும். மூன்றாவது ஹோஸ்ட்டில் விற்னஸ் என்ற ஒரு சின்னத் துண்டு இருக்கும். இந்தத் துண்டுகள் ஒவ்வொன்றும்தான் கொம்பனன்ற். ஒரு கொம்பனன்ற் 255 ஜிபிக்கு மேல் போகாது, ஆகவே 400 ஜிபி டிஸ்க் என்றால் ஒவ்வொரு கொப்பியும் குறைந்தது இரண்டு துண்டாக உடையும். ஒரு சேர்வரைத் திறந்து பார்த்தால் ஏன் இத்தனை வரிகள் என்று திகைப்பவர்களுக்கு இதுதான் பதில்.

விற்னஸ் எதற்கு என்று பலருக்கு விளங்குவதில்லை. அதில் உங்கள் தரவு ஒன்றும் இல்லை, சில மெகாபைட்தான். இதை நான் தம்பிமாருக்கு எங்கள் வீட்டுக் கதை ஒன்றை வைத்துத்தான் சொல்லிக்கொடுப்பது.

2002இல் ஏ9 பாதை திறந்த பிறகு அப்பா எங்கள் காணி உறுதியின் போட்டோக்கொப்பி ஒன்றை வவுனியாவில் சின்னம்மாவிடம் கொடுத்து வைத்தார். இங்கே ஏதும் நடந்தால் அங்கே ஒன்று இருக்கட்டும் என்று. 2005இல் அக்காவுக்குக் கலியாணம் வந்தபோது காணியில் பாதியை அவள் பெயருக்கு எழுதினார்கள். அந்தப் புது உறுதி அம்மாவின் பையில், பொலித்தீனில் சுற்றி இருந்தது. அதற்குப் பிறகு பாதை பூட்டுப்பட்டுவிட்டது, சின்னம்மாவிடம் இருந்தது பழைய கொப்பியாகவே இருந்துவிட்டது. 2009இல் எல்லாரும் திசைக்கொருவராக முகாம்களில் இருந்த நேரம், காணிப் பதிவுக்கு ஏதாவது ஆவணம் கொடுங்கள் என்று கேட்டார்கள். கையில் இருந்தது சின்னம்மாவின் கொப்பி மட்டும். பார்த்தால் நல்ல கொப்பி. முத்திரை, கையெழுத்து, எல்லைகள் எல்லாம் தெளிவு. அதைக் கொடுத்திருந்தால் அக்காவின் பாதி அன்றைக்கே இல்லாமல் போயிருக்கும். தடுத்தது எங்கள் ஊர் விதானையார், அதாவது கிராம சேவகர். அவரிடம் உறுதி இல்லை, கொப்பியும் இல்லை. "இதுக்குப் பிறகு இன்னொரு உறுதி எழுதினவை, எனக்குத் தெரியும், தாய் வரட்டும்" என்று அவர் சொன்னார். அம்மாவை வேறொரு முகாமில் கண்டுபிடிக்கும் வரை பொறுத்திருந்தோம்.

விற்னஸ் செய்வது அந்த விதானையாரின் வேலைதான். தரவை அது வைத்திருக்காது, எந்தக் கொப்பி கடைசியாக மாறியது என்பது அதற்குத் தெரியும். ஒவ்வொரு கொம்பனன்றுக்கும் வாக்கு உண்டு. ஒரு ஒப்ஜெக்ட் திறக்கவேண்டும் என்றால் வாக்குகளில் பாதிக்கு மேல் கூடவேண்டும், கூடியதற்குள் புதிய முழுக் கொப்பி ஒன்றாவது இருக்கவேண்டும். இரண்டில் ஒன்று இல்லை என்றாலும் விசான் அந்த ஒப்ஜெக்ட்டைத் தராது. பழைய கொப்பியைப் புதிது என்று காட்டி உங்களை ஏமாற்றுவதை விட, இப்போதைக்குத் தரமாட்டேன் என்று நிற்பது எவ்வளவோ மேல்.

இனித் திரையில் தெரியும் சொற்களுக்கு வருவோம். சேர்வர் பார்ப்பவர்களில் பாதிப்பேர் இந்தச் சொற்களை வாசிக்காமல் நிறத்தை மட்டும் பார்க்கிறார்கள், அதுதான் பெரிய பிழை.

அக்டிவ் என்றால் சுகம். அப்சென்ற் என்றால் அந்தக் கொம்பனன்றைக் காணவில்லை, ஆனால் செத்துவிட்டது என்று சொல்ல விசானிடம் ஆதாரமும் இல்லை. ஹோஸ்ட் ரீஸ்ராட் ஆகியிருக்கலாம், கேபிள் கழன்றிருக்கலாம், யாரோ டிஸ்க்கை இழுத்திருக்கலாம். டிகிரேடட் என்றால் டிஸ்க்கோ டிஸ்க்குகளைச் சேர்வரோடு இணைக்கும் கண்ட்ரோலரோ நான் செத்துவிட்டேன் என்று தானே அறிவித்துவிட்டது, திரும்பி வராது. ஸ்ரேல் என்று வந்தால் ஆள் இருக்கிறார், கையில் இருப்பது பழைய கொப்பி, அதாவது சின்னம்மா. இதைவிட ரீசிங்க், அதாவது கொப்பிகளைச் சரிக்கட்டுவது, நடந்துகொண்டிருக்கிறது என்றும் ஒரு நிலை காட்டும். அது வைத்தியம் நடக்கிறது என்ற செய்தி, பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்சென்றுக்கும் டிகிரேடட்டுக்கும் விசான் நடந்துகொள்ளும் விதமே வேறு. டிகிரேடட் என்றால் உடனே, அந்த நிமிடமே, வேறு இடத்தில் புதுக் கொப்பி கட்டத் தொடங்கும். அப்சென்ற் என்றால் 60 நிமிடம் பொறுக்கும். ஒரு ரீஸ்ராட்டுக்காகப் பல நூறு ஜிபியை நெற்வேர்க்கில் இழுப்பது வீண் என்பதால் இந்தப் பொறுமை. அந்த ஒரு மணிநேரத்துக்குள் காணாமல் போனவர் திரும்பி வந்தால், இடையில் மாறிய பகுதிகளை மட்டும் எழுதிச் சரிக்கட்டிவிடும். ஒரு மணிநேரம் தாண்டிப் புதுக் கொப்பி கட்டத் தொடங்கிய பிறகு பழையவர் வந்தாலும், 6.6 பதிப்பிலிருந்து இரண்டில் எதை முடிப்பது லேசு என்று கணக்குப் பார்த்து அதையே முடிக்கும்.

வன்னியில் இந்த 60 நிமிடத்தை மாற்றலாமா என்று கேட்பார்கள். மாற்றலாம், கிளஸ்ரரின் செற்றிங்கில் ஒப்ஜெக்ட் ரிப்பேர் ரைமர் என்று இருக்கிறது. கரண்ட் அடிக்கடி போய் வரும் இடங்களில் 90 நிமிடம், 120 நிமிடம் என்று கூட்டலாம். அதற்கு மேல் நான் போகமாட்டேன், ஏனென்றால் அந்த நேரம் முழுக்க உங்கள் தரவு ஒற்றைக் கொப்பியில் நிற்கிறது. அதைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது, மூன்று ஹோஸ்ட் மட்டும் வைத்திருப்பவர்கள் இதைக் கவனமாகக் கேளுங்கள். உங்களிடம் ஒரு ஹோஸ்ட் முழுதாக விழுந்தால் ரைமர் முடிந்தாலும் ஒன்றும் நடக்காது. இரண்டு கொப்பியும் விற்னஸும் மூன்று வேறு ஹோஸ்ட்டில் இருக்கவேண்டும், விழுந்தவருக்குப் பதிலாக வைக்க நாலாவது ஆள் இல்லை. டிஸ்க் ஒன்று மட்டும் செத்தால் அதே ஹோஸ்ட்டில் வேறு டிஸ்க்கில் இடமிருந்தால் கட்டும், ஹோஸ்ட்டே போனால் வழியில்லை. ரைமர் முடிந்த பிறகு திரையில் பாதுகாப்புக் குறைவு, திரும்பக் கட்டுதல் இல்லை என்று நிற்கும். அதைப் பார்த்துவிட்டு விசான் வேலை செய்யவில்லை என்று திட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். நாலு ஹோஸ்ட் வையுங்கள் என்று எல்லா இடத்திலும் எழுதியிருப்பதன் காரணம் இதுதான். எங்கள் பக்கத்தில் காசு மூன்றோடு நின்றுவிடுகிறது, சரி, அப்படியென்றால் விழுந்த ஹோஸ்ட்டை எழுப்புவதே உங்கள் ஒரே வைத்தியம் என்று தெரிந்து வைத்திருங்கள்.

சரி, கிளிநொச்சிக்கு வந்து சேர்ந்தேன். பத்துக்கு எட்டு அடி அறை, ஒரு ஏசி, சுவரோரம் ஒரு ராக். மூன்று சேர்வருமே ஓடிக்கொண்டிருந்தன. திரையில் இரண்டாவது ஹோஸ்ட்டின் கொம்பனன்றுகள் எல்லாம் அப்சென்ற். சில வேர்ச்சுவல் சேர்வர்கள் எழும்பியிருந்தன, கணக்குச் சேர்வர் எழும்பவில்லை, அதன் டிஸ்க் அணுகமுடியாது என்று நின்றது. வெளியே ஆட்கள் வரிசையில். அன்று ஒன்றரை மணிநேர மின்வெட்டும் அறிவித்திருந்தார்கள், அதற்குள் முடிக்கவேண்டும்.

இந்த நேரத்தில் ஒருவர் டிஸ்க்கிலிருந்து தொடங்கினால் பிழையாகிப்போகும். நான் எப்போதும் வெளியிலிருந்து உள்ளே போவேன். முதலில் நெற்வேர்க், பிறகு ஹோஸ்ட், பிறகு கண்ட்ரோலர், பிறகு டிஸ்க் குரூப், கடைசியில்தான் தனி டிஸ்க். காரணம் லேசானது. ஒரே நேரத்தில் ஒரு ஹோஸ்ட்டின் பத்துப் பன்னிரண்டு டிஸ்க்குகள் தனித்தனியாகச் சாவது நடக்காத காரியம். எல்லாம் ஒன்றாகக் காணாமல் போனால் அவற்றுக்குப் பொதுவாக இருக்கும் ஒன்றுதான் போயிருக்கிறது.

இரண்டாவது ஹோஸ்ட்டில் நேரடியாக உள்ளே போய், விசான் கிளஸ்ரரில் எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று கட்டளையில் கேட்டேன். ஒருவர் என்றது, அதாவது தான் மட்டும். முதலாவதில் கேட்டேன், இரண்டு பேர் என்றது. அவ்வளவுதான், விஷயம் பாதி முடிந்தது. கிளஸ்ரர் இரண்டாகப் பிளந்திருக்கிறது. இரண்டாவது ஹோஸ்ட்டின் டிஸ்க் எல்லாம் அதனளவில் நல்ல சுகமாக இருக்கின்றன, மற்றவர்களோடு கதைக்க வழியில்லாமல் நிற்கிறது. தம்பி பார்த்த திரை மற்ற இருவரின் கண்ணால் பார்த்த திரை. அவர்களுக்கு இவர் அப்சென்ற்.

நிர்வாக நெற்வேர்க் ஓடியதால் அந்த ஹோஸ்ட் திரையில் பச்சையாகத்தான் தெரிந்தது. தம்பியை ஏமாற்றியதும் அதுதான், ஹோஸ்ட் இருக்கிறது டிஸ்க் இல்லை என்றால் டிஸ்க்தானே போயிருக்கவேண்டும் என்று அவர் நினைத்தது நியாயம். ஆனால் விசானுக்குப் போகும் கம்பி வேறு. வீஎம்கேபிங் கட்டளையால் விசான் இடைமுகத்தைக் குறிப்பிட்டு அடித்துப் பார்த்தேன், போகவில்லை. ராக்குக்குப் பின்னால் போனால் அந்த 10 ஜி போர்ட்டின் லைற் எரியவில்லை. கேபிளை மாற்றினோம், எரியவில்லை. கேபிளைப் போர்ட்டோடு இணைக்கும் எஸ்எஃப்பி மொடியூலைச் சுவிட்ச் பக்கத்தில் கழற்றி, பாவிக்காத போர்ட்டில் இருந்த ஒன்றைப் போட்டோம், லைற் வந்தது. சுண்டுவிரல் அளவு சாமான். கரண்ட் வந்த நேரத்து அடியில் போயிருக்கவேண்டும்.

லைற் வந்ததோடு நான் விடவில்லை. பெரிய பொதி போகிறதா என்று பார்க்கவேண்டும். எம்டியூவை, அதாவது ஒரு பொதியின் உச்ச அளவை, 9000 வைத்திருந்தால் 8972 பைட் அளவில், துண்டாக்காதே என்ற குறியோடு அடித்துப் பாருங்கள். மீதி 28 பைட் தலைப்புகளுக்குப் போகிறது. சின்னப் பிங் போய்ப் பெரியது போகாவிட்டால் வழியில் எங்கோ ஒரு சுவிட்ச் 1500இல் நிற்கிறது என்று அர்த்தம். அந்த நிலையில் கிளஸ்ரர் சேர்ந்தது போலத் தெரியும், தரவு ஓடத் தொடங்கினால் திணறும், கொம்பனன்றுகள் வந்து வந்து போகும். இப்படி வந்து போகும் நோய் இருந்தால் முதல் சந்தேகம் எம்டியூவில் வையுங்கள். இடையில் பயர்வோல் ஏதும் இருந்தால் யூடிபி 12321, டிசிபி 2233 இரண்டும் திறந்திருக்கிறதா என்று பார்க்கவேண்டும், முதலாவது அங்கத்துவச் செய்திக்கு, இரண்டாவது தரவுக்கு.

இரண்டாவது ஹோஸ்ட் சேர்ந்த சில நொடிகளில் கணக்குச் சேர்வரின் டிஸ்க் அணுகக்கூடியதாக மாறியது.

ஏன் அதுவரை மாறவில்லை? மூன்றில் இரண்டு ஹோஸ்ட் ஓடிக்கொண்டிருந்தனவே, வாக்கும் பாதிக்கு மேல் இருந்ததே என்று தம்பி கேட்டார். நல்ல கேள்வி. அந்த டிஸ்க்கின் கொப்பிகள் இரண்டாவதிலும் மூன்றாவதிலும், விற்னஸ் முதலாவதில். ஞாயிறு அன்று மூன்றாவது முதலில் விழுந்தது. அதற்குப் பிறகு பெரிய யூபிஎஸ் இறங்கும் வரை எழுதப்பட்டதெல்லாம் இரண்டாவதில் மட்டும் எழுதப்பட்டது, அது முதலாவதில் இருந்த விற்னஸுக்குத் தெரியும். திங்கள் காலை முதலாவதும் மூன்றாவதும் சேர்ந்தபோது, மூன்றாவது தன் கொப்பியை நீட்டியது. விற்னஸ் ஒத்துக்கொள்ளவில்லை. இதற்குப் பிறகு எழுதியிருக்கிறார்கள், அந்தக் கொப்பி வரட்டும் என்று நின்றது. தம்பி அழிக்கக் கேட்டது அந்தக் கொப்பியைத்தான். ஞாயிறு அந்தக் கொஞ்ச நேரத்தில் எழுதப்பட்டது சிலவேளை ஒன்றுமில்லாத லொக் பதிவாக இருந்திருக்கலாம், ஆனால் டிஸ்க் குரூப்பை அழித்திருந்தால் அந்த ஒப்ஜெக்ட்டே திரும்ப எழும்பியிராது, பக்கப் கொப்பியைத் தேடித்தான் ஓடியிருப்போம்.

அணுகமுடியாது என்பதற்கும் அழிந்தது என்பதற்கும் எவ்வளவு தூரம் என்று இதில் பாருங்கள். திரையில் இரண்டும் ஒரே சிவப்பு. சிவப்பைப் பார்த்தால் முதலில் ஒரு தாளை எடுத்து, அந்த ஒப்ஜெக்ட்டின் கொம்பனன்றுகள் எந்தெந்த ஹோஸ்ட்டில் இருக்கின்றன, எது அக்டிவ், எது அப்சென்ற், எது ஸ்ரேல் என்று எழுதுங்கள். வேர்ச்சுவல் ஒப்ஜெக்ட் பக்கத்தில் அந்தச் சேர்வரைத் தெரிவுசெய்து இருப்பிட விபரத்தைத் திறந்தால் எல்லாம் தெரியும். எல்லா ஹோஸ்ட்டையும் ஒரே திரையில் நிர்வகிக்கும் விசென்ரரே இந்தக் கிளஸ்ரருக்குள் இருந்து அதுவும் எழும்பாவிட்டால் பயப்படவேண்டாம், விசான் ஓடுவதற்கு விசென்ரர் தேவையில்லை, ஹோஸ்ட்டில் நேரே போய் ஈஎஸ்எக்ஸ்சிஎல்ஐயின் விசான் டிபக் கட்டளைகளால் ஒப்ஜெக்ட்களின் சுகநிலைத் தொகுப்பை எடுக்கலாம். அந்தத் தாளில் கடைசிப் புதிய கொப்பி எங்கே என்று விரல்வைத்துக் காட்டமுடியாதவரை எதையும் அழிக்கவோ கழற்றவோ கூடாது. எங்கள் ஆட்களுக்கு நான் போட்ட ஒரே சட்டம் இது.

உண்மையில் டிஸ்க் போகும் நாட்களும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். பழைய கட்டமைப்பில் ஒரு டிஸ்க் குரூப் என்பது எழுதுவதை முதலில் வாங்கும் வேகமான ஒரு கேஷ் டிஸ்க்கும் அதற்குப் பின்னால் ஒன்றிலிருந்து ஏழு வரை கொள்ளளவு டிஸ்க்குகளும். கொள்ளளவு டிஸ்க் ஒன்று செத்தால் அந்த ஒன்றோடு போகும். கேஷ் செத்தால் முழுக் குரூப்பும் போகும். டீடியூப், அதாவது ஒரே தரவைத் திரும்பத் திரும்ப வைக்காத வசதி, போட்டு இடம் மிச்சம் பிடித்திருந்தால் எந்த ஒரு டிஸ்க் செத்தாலும் முழுக் குரூப்பும் போகும், இதை இடம் மிச்சம் பிடிக்க ஆசைப்படும் நேரம் யாரும் சொல்வதில்லை. ஆகவே ஏழு டிஸ்க் சிவப்பு என்றால் ஏழு டிஸ்க்குக்கு ஓடர் போடாமல், அந்த ஏழுக்கும் முன்னால் நிற்கும் கேஷைப் பாருங்கள். ஒரு ஹோஸ்ட்டின் இரண்டு குரூப்பும் ஒன்றாகப் போனால் கண்ட்ரோலரைப் பாருங்கள், அதன் ட்ரைவரும் பேர்ம்வெயரும் ஒத்துப்போகும் பட்டியலில் இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். பேர்ம்வெயர் பிழையால் நல்ல டிஸ்க்கைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். 2022இல் வந்த 8ஆம் பதிப்பின் புதுக் கட்டமைப்பில் டிஸ்க் குரூப் என்பதே இல்லை, எல்லாம் என்விஎம்இ என்ற வேகமான டிஸ்க்குகள், ஒன்று போனால் அந்த ஒன்றுதான். புதிதாக வாங்குபவர்கள் அதை யோசியுங்கள்.

சாகாமல் இழுத்துக்கொண்டிருக்கும் டிஸ்க்தான் கஷ்டம். எங்கள் வெயிலும் புழுதியும் இதில் பெரிய பங்கு. ஏப்ரல், மே மாதங்களில் ஏசி ஒரு பின்னேரம் நின்றால் அந்த அறை அடுப்பு. டிஸ்க் பிழை என்று ஒன்றும் சொல்லாது, பதில் மட்டும் மெதுவாக வரும், அதோடு கணக்குப் பக்கம் திறக்க அரை நிமிடம் எடுக்கும். விசான் இப்படிப்பட்ட டிஸ்க்கைக் கவனித்துக்கொண்டே இருக்கும், தாமதம் தொடர்ந்து எல்லை தாண்டினால் தானாகவே ஒதுக்கிவிடும். அதற்கு முன்பே நீங்கள் பிடிக்கவேண்டும் என்றால் சும்மா இருக்கும் நாட்களில் ஒவ்வொரு டிஸ்க்கின் தாமதத்தையும் பார்த்துக் குறித்து வைத்திருக்கவேண்டும். நல்ல நாளில் எப்படி இருந்தது என்று தெரியாமல் கெட்ட நாளில் ஒப்பிட ஒன்றும் இருக்காது. பின்பக்கத்து பில்டரை மாதம் ஒருமுறை தட்டுங்கள், கிறவல் ரோட்டுக்குப் பக்கத்தில் என்றால் இரண்டு தரம்.

எல்லாம் சரியாக இருந்தும் திரும்பக் கட்டுவது தொடங்கவில்லையா? இரண்டு இடத்தைப் பாருங்கள். ஒன்று, இடம் இருக்கிறதா. நூற்றுக்கு 25 முதல் 30 வரை வெறுமையாக வைத்திருங்கள் என்று பழைய பதிப்புகளுக்குச் சொல்வார்கள். ஒரு டிஸ்க் 80 தாண்டினால் விசான் தானாகச் சாமான்களை அங்குமிங்கும் நகர்த்தத் தொடங்கும், நிறைந்த வீட்டில் விருந்தாளியைப் படுக்கவைக்க முடியாது. மற்றது, குளோம்டி என்ற சேவை ஒவ்வொரு ஹோஸ்ட்டிலும் ஓடுகிறதா. எந்தக் கொம்பனன்றை எங்கே வைப்பது என்று முடிவெடுப்பது அது. அது நின்றால் ஓடுகிறவை ஓடும், புதிதாக ஒன்றும் உருவாகாது, உடைந்தது திருந்தாது. அதை ரீஸ்ராட் பண்ணுவதால் தரவுக்கு ஒன்றும் ஆகாது.

முல்லைத்தீவுப் பக்கம் இரண்டு ஹோஸ்ட் மட்டும் வைத்திருக்கும் ஒரு கிளை அலுவலகமும் எங்களிடம் உண்டு. அதற்கு விற்னஸ் வேறொரு இடத்தில், வவுனியாவில், ஒரு வேர்ச்சுவல் சேர்வராக இருக்கிறது. போய் வரும் தாமதம் 500 மில்லிசெக்கன் வரை தாங்கும், ஆகவே எங்கள் சாதாரண லைனே போதும். ஆனால் மழை காலத்தில் லைன் விழுந்தால் எல்லா ஒப்ஜெக்ட்டும் பாதுகாப்புக் குறைவு என்று மஞ்சள் அடிக்கும். முதல் தரம் அதைப் பார்த்தவர் இரவிரவாக வண்டி எடுத்துக்கொண்டு போனார். போகத் தேவையில்லை. இரண்டு கொப்பியும் அங்கேயே இருக்கின்றன, விதானையார் மட்டும் வரவில்லை, வேலை நடக்கும். அந்த நேரத்தில் செய்யக்கூடாதது ஒன்றுதான். இரண்டு ஹோஸ்ட்டில் ஒன்றை பச் என்ற மென்பொருள் திருத்தம் போடவோ தூசு தட்டவோ நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் வாக்கு ஒன்றோடு நின்றுவிடும், எல்லாம் அணுகமுடியாமல் போகும்.

கிளிநொச்சிக்குத் திரும்புவோம். அன்று மின்வெட்டு தொடங்கும் முன் மூன்றாவது ஹோஸ்ட்டின் பழைய கொப்பிகள் எல்லாம் இரண்டாவதிலிருந்து சரிக்கட்டி முடியவேண்டும், இல்லாவிட்டால் ஒற்றைக் கொப்பியோடு இன்னொரு மின்வெட்டுக்குள் போகிறோம். ரீசிங்க் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். மாறியது கொஞ்சம்தான் என்பதால் நேரத்துக்கு முன்பே மீதி பூச்சியம் ஆனது. ஒப்ஜெக்ட் எல்லாம் பச்சை. அதற்குப் பிறகு, மின்வெட்டுக்குக் காத்திராமல், 2021இல் வந்த 7.0 அப்டேட் 3இலிருந்து கிடைக்கும் கிளஸ்ரர் நிறுத்தும் வழியால் மூன்றையும் ஒழுங்காக ஒன்றாக நிறுத்தினோம். ஒன்றுக்குப் பின் ஒன்றாக விழுந்தால்தான் யாரிடம் புதுக் கொப்பி என்ற பிரச்சினை வருகிறது, ஒன்றாக நிறுத்தினால் எல்லோரிடமும் ஒரே கொப்பி. கரண்ட் வந்த பிறகு தம்பியே எழுப்பினார், நான் கதிரையில் இருந்து பார்த்தேன்.

இப்போது மூன்று சேர்வரும் ஒரே பெரிய யூபிஎஸ்ஸில். பற்றரி பாதிக்கு இறங்கினால் தானாக நிறுத்தும் ஒழுங்கு செய்திருக்கிறோம். ஜெனரேட்டரைச் சனிக்கிழமைகளில் ஒருதரம் எழுப்பிப் பார்க்கிறார்கள். ராக் கதவின் உட்பக்கத்தில் எந்தக் கம்பி எந்தப் போர்ட்டுக்கு என்று தம்பி தன் கையெழுத்தில் எழுதி ஒட்டியிருக்கிறார். கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில் ஏற்றினாலும் சாமான் விடியத்தான் வரும் என்பதால் லாச்சியில் இரண்டு எஸ்எஃப்பி, ஒரு கேஷ் டிஸ்க், ஒரு கொள்ளளவு டிஸ்க் எப்போதும் இருக்கின்றன.